பச்சையா இருக்கிறதெல்லாம் தத்துப்பூச்சி இல்லீங்க
நெல்லுப் பயிரோட தூர்ல, அதாவது அடிப்பகுதியில, பச்சைப் பூச்சி தெரிஞ்சா அது சாறு உறிஞ்சுற தத்துப்பூச்சிதான், உடனே மருந்து அடிங்கன்னு நெல் பூச்சி பத்தின இந்தக் கட்டுரையில போட்டிருக்கு பாருங்க, அங்கதான் இடிக்குது. புகையான்ங்கிற, தூர்ல உக்காந்து சாறு உறிஞ்சுற பழுப்புப் பூச்சி இருக்கிற வயல்ல அதே தூர்ல பச்சையா, தலை மட்டும் கறுப்பா, 3 மில்லிமீட்டர் இருக்குமோ இருக்காதோன்னு ஒண்ணு விறுவிறுன்னு ஓடும், அது மிரிட் நாவாய்ப்பூச்சி, புகையானோட முட்டையைத் தேடித்தேடி உறிஞ்சிக் குடிக்கிற நம்மாளு. நானும் ஒருதடவை தெரியாம அதைப் பார்த்துப் பயந்து பைரித்ராய்டு வகை பூச்சி மருந்து அடிச்சுட்டேன், மிரிட் செத்துப்போய் கொஞ்ச நாள்லயே புகையான் முன்னைவிட அதிகமா வந்து வட்டம் வட்டமா பயிர் கருகிப்போச்சு. கலரைப் பார்க்காதீங்க, மீசையைப் பாருங்க, மிரிடுக்கு நூல் மாதிரி நீளமா இருக்கும், தத்துப்பூச்சிக்கு குட்டி முடி மாதிரி, இருக்கிறதே தெரியாது, ஆளும் ஆப்பு மாதிரி இருந்துக்கிட்டு பக்கவாட்டுல நகரும். மேல கமெண்ட்ல ஒருத்தர் வெண்கதிர் (மணி பிடிக்காம வெளுத்துப்போன கதிர்) வந்தா கதிர் நாவாய்ப்பூச்சின்னு எழுதியிருக்கார், இல்லீங்க, கதிரைப் பிடிச்சு இழுத்தா கையோட வந்துடுச்சுன்னா அது தண்டுத்துளைப்பான் வேலை, நாவாய்ப்பூச்சி பால் பிடிக்கிற நேரத்துல மணியைத்தான் உறிஞ்சும், பதரான மணியில பழுப்புப் புள்ளி இருக்கும், அந்த நாவாய்ப்பூச்சியோட நாத்தம் வேற, வரப்புல நின்னாலே மூக்குல ஏறும்.