வழக்கு கூடியதற்காக எந்த மாவட்டமும் தலைகுனிய வேண்டாம்

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளின் மாவட்டவாரிப் பட்டியல் செய்தித்தாளில் வந்தால் போதும், திருப்பூர் டீக்கடைகளில் 'நம் ஊர் கெட்டுவிட்டது' என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. எனக்கு மனம் ஆறுவதில்லை. வழக்கு அதிகமாகப் பதிவான இடத்தில்தான் குற்றமும் அதிகம் என்று எதை வைத்து முடிவுகட்டுகிறோம்? அங்கே ஓர் ஆசிரியை குழந்தை சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம். காவல் நிலையத்தில் பெற்றோரைத் திருப்பி அனுப்பாமல் புகாரை வாங்கியிருக்கலாம்.

குழந்தைத் திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 நிறையும் முன்பே மணமானவர்கள் பீகாரில் 40.8 சதவீதம், தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021 அறிக்கையில் குழந்தைத் திருமண வழக்குகள் பீகாரைவிடத் தமிழ்நாட்டில்தான் அதிகம். வழக்கை மட்டும் பார்ப்பவர் பீகார்ச் சிறுமிகள் பத்திரமாக இருப்பதாக நம்பிவிடுவார். போதாக்குறைக்கு, ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் காப்பகம் பெரிய குற்றத்தை மட்டுமே எண்ணும். கடத்திக் கொல்லப்பட்ட குழந்தை கொலைக் கணக்கில் மட்டும்தான் வரும்.

கொங்குப் பகுதிக்கு இதில் தனிக் கவலை உண்டு. பனியன் கம்பெனி லைன் வீடுகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் வந்து தங்குகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில், ஹோலிக்கு ஊருக்குப் போன ஏழாம் வகுப்புச் சிறுமியின் பெயருக்கு நேரே பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் 'வ.இ.' (வருகை இல்லை) என்றே இருக்கிறது. இங்கே அவள் இடைநின்றவள். சொந்த ஊரிலோ, திருப்பூரில் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவள் வேலைக்குப் போகிறாளா, கல்யாணம் முடிந்துவிட்டதா, வேறு பள்ளியில் சேர்ந்தாளா? இரு மாநில அதிகாரிகளும் தொலைபேசியில் பேசிக்கொண்டாலே தெரிந்துவிடும். ஈரோடு மாவட்டத் தாளவாடி மலையிலிருந்து கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர் பக்கம் போகும் பிள்ளைகளுக்கும் இதே ஆபத்துதான்.

ஆஸ்திரேலியாவில் குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அங்கே ஒரு தேசிய நிறுவனம் எல்லா மாநிலக் கணக்கையும் தொகுக்கும்போது, எந்த மாநிலம் எதை எப்படி எண்ணியது என்ற விளக்கத்தையும் சேர்த்தே வெளியிடுகிறது. நம் மாவட்டப் பட்டியல்களுக்கும் அது வேண்டும். வழக்கு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எத்தனை அழைப்புகள் வந்தன, எத்தனை வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்த்தார்கள், ஊர் மாறிய குழந்தைகளில் எத்தனை பேர் அடுத்த பள்ளியில் சேர்ந்தது உறுதியானது என்பதையும் போடட்டும்.

ஈரோடு, கரூர், நாமக்கல் நண்பர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்தக் கடைசிக் கேள்வியை எழுப்புங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள்.