கஷ்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்

எங்கள் சபைகளில், ஆண்டவர் செய்த நன்மையை எழும்பி நின்று சாட்சியாகச் சொல்லும் வழக்கம் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். வருத்தம் சுகமானது, விசா கிடைத்தது, மகள் பரீட்சையில் சித்தியடைந்தாள். கேட்கக் கேட்க மனம் நிறையும். ஆனால் சாட்சிக்கு எழும்பி நிற்பவர் எப்போதும் கரையேறிவிட்டவர்தான். தத்தளித்துக்கொண்டிருந்த நாட்களில் அதே ஆள் எந்த வாங்கில் இருந்தார், யாரிடமாவது வாய் திறந்தாரா என்று நாங்கள் கேட்பதில்லை.

ஜெபக் குறிப்பு கேட்டாலும் "குடும்பத்துக்காக ஜெபியுங்கோ" என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் அடகில் மூழ்கப் போகிற தாலிக்கொடி இருக்கும், ஒரே வீட்டில் முகம் பார்த்துக் கதைக்காத புருஷன் பெண்சாதி இருப்பார்கள், திரும்பவும் குடிக்கத் தொடங்கிய மகன் இருப்பான். திருகோணமலை சின்ன ஊர். காலையில் டவுனில் சொன்னது மத்தியானத்துக்குள் உப்புவெளிக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். அதோடு, நாங்கள் வாயை மூடிப் பழகிய சனம். யாரிடம் எதைக் கதைப்பது என்று போர்க்காலம் முழுக்க அளந்து அளந்துதான் பேசினோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் எத்தனையோ ஆண்கள் அழாமலே வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பழக்கத்தோடேயே கோயிலுக்குள்ளும் வந்து இருக்கிறோம்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் என் நண்பன். அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அம்மா இறந்த வருடம் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுப்பேன், வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு பின்னேரம் டச்பே கடற்கரையோரம் அவனுடைய ஓட்டோவுக்குள் இருந்தபடி, "மச்சான், மேலே ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார் எண்டே எனக்குத் தோன்றேல்லையடா" என்றேன். அவன் வசனம் எடுக்கவில்லை. கச்சான் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "சரி, நீ இப்ப ஜெபிக்காதை. உனக்கும் சேர்த்து நான் சொல்லுறன், நீ பக்கத்தில இரு" என்றான். அன்று அவன் செய்த ஜெபத்தில் என் அம்மாவின் பெயர் இருந்தது. பள்ளிக்கூட நாட்களில் அவனுக்கும் சேர்த்து அவர் அவித்து வைத்த புட்டும் இருந்தது. அம்மாவுக்குப் பிறகு நான் முதல் முறையாக அழுதது அந்தப் பின்சீட்டில்தான்.

சில கிழமை கழித்து அவன் வாய் திறந்தான். ஓட்டோவின் லீசிங் தவணை நிலுவையில் இருந்தது, மனைவிக்குத் தெரியாது. என்னிடம் காசு இல்லை. அவளிடம் அவன் சொன்ன இரவு நானும் அவன் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

"ஆண்டவரிடம் சொன்னால் போதாதா, மனுஷனை ஏன் நம்புவான்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சிலுவைக்கு முந்திய இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு என்ன செய்தார் என்று பாருங்கள். பிதாவிடம் ஜெபிக்கப் போகுமுன் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய், தம் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கம் கொண்டிருக்கிறது என்று அவர்களிடம் சொல்கிறார், தம்மோடு விழித்திருக்கக் கேட்கிறார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். தூங்கிவிடக்கூடிய அந்த மனிதர்களிடம்தான் அவர் தம் துக்கத்தைச் சொன்னார். உயிர்த்தெழுந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நான் மெதடிஸ்த சபைக்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1738இல் சின்னச் சின்னக் குழுக்களுக்கு ஒழுங்குகள் எழுதினார். கிழமைக்கு ஒருமுறை கூடி, ஒவ்வொருவரும் தன் ஆத்துமாவின் உண்மையான நிலையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற யாக்கோபு 5:16தான் அதற்கு அடிப்படை. சேர வருகிறவரிடம், உன் குறைகளை முகத்துக்கு நேரே சொல்ல நீ விரும்புகிறாயா என்றும் கேட்பார்களாம். இவ்வளவு துணிச்சலான தொடக்கம் எங்களுக்கு இருக்கிறது. இன்று எங்கள் கூட்டங்களில் அறிவித்தல் வாசிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது.

வைத்தியரிடம் போகவேண்டிய மனவருத்தத்தை நண்பனோடு கதைத்தே தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிளினிக்குக்குப் போகப் பயந்து நிற்பவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒருவன் வேண்டுமே. கேட்டதை வெளியே விடாதவனாக, தன்னுடையதையும் சொல்லக்கூடியவனாக அவன் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் சொல்லிக்கொண்டும் மற்றவர் புத்தி சொல்லிக்கொண்டும் இருந்தால் அது நட்பாக நிலைக்காது.

எங்கள் போதகரிடம் இதைக் கதைத்திருக்கிறேன். ஆண்களை இரண்டு மூன்று பேராகச் சேர்த்துவிடலாம், பிரசங்கம் வேண்டாம், பிளேன்டீ போதும் என்று சொல்லியிருக்கிறார். டவுன், பாலையூற்று, உப்புவெளிப் பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது விருப்பம் என்றால் இன்பொக்சில் எழுதுங்கள். கத்தோலிக்கரோ பெந்தெகொஸ்தேயோ, எந்தச் சபை என்றாலும் வாருங்கள்.