பிரயோசோவா என்ற பெயர் தவறானதா?

கொழும்பில் உயர்தர உயிரியல் மாணவரிடையே ஒரு வட்சப் செய்தி பரவுகிறது. கடற்பாறைகளிலும் கப்பல் அடிப்பகுதிகளிலும் பாசிபோல் ஒட்டிக் கூட்டாக வாழும் நுண்விலங்குகளுக்கு தொம்சன் 1830இல் பொலிசோவா என்றும் ஏரன்பேர்க் 1831இல் பிரயோசோவா என்றும் பெயரிட்டனர். ஆகவே முதலில் இட்ட பெயரே நிலைக்கும் என்ற முந்துரிமை விதிப்படி பிந்திய பெயர் செல்லாது என்கிறது அச்செய்தி.

ஆண்டுகள் சரியானவை, முடிவு தவறானது. விலங்கியல் பெயரீட்டுக்கான சர்வதேச விதிக்கோவை, முந்துரிமையை இனம், சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி), குடும்பம் ஆகிய மட்டங்களில், அதிகபட்சமாக மேற்குடும்பம் வரை மட்டுமே கட்டாயமாக்குகிறது. பிரயோசோவா போன்ற ஒரு கணத்தின் (விலங்குலகின் பெரும்பிரிவின்) பெயரை அது கட்டுப்படுத்துவதில்லை என்பதால், அறிஞரின் நீண்ட வழக்கே அங்கு தீர்மானிக்கிறது. பிரித்தானிய விலங்கியலாளர் பலர் நெடுங்காலம் பொலிசோவா என்றே எழுதினர். அதுவும் குற்றமன்று, ஆயினும் இன்று பெருவழக்கு பிரயோசோவாவே.

இனப்பெயரை அடுத்து, அதைச் சூட்டிய ஆசிரியரின் பெயர் அடைப்புக்குறிக்குள் வந்தால் அந்த இனம் ஐயத்துக்குரியது என்றும் அதே செய்தி கூறுகிறது. இது மாணவரை இன்னும் அதிகமாகக் குழப்பும் பிழை. 1758இல் லின்னேயசு சேர்ட்டுலேரியா நெரிட்டினா எனப் பெயரிட்ட விலங்கு இன்று பிரயோசோவாவின் பியூகுலா சாதியில் வைக்கப்பட்டு, பியூகுலா நெரிட்டினா (லின்னேயசு, 1758) என எழுதப்படுகிறது. சேர்ட்டுலேரியாவோ முற்றிலும் வேறு கணத்தைச் சேர்ந்த ஐதரோயிட்டுகள் எனும் செடிபோன்ற நீர்விலங்குகளின் சாதி. இனம் முதலில் வைக்கப்பட்ட சாதியிலிருந்து மாறியிருக்கிறது என்பதை மட்டுமே அந்த அடைப்புக்குறி காட்டுகிறது.