ஸ்மார்ட் சிட்டி எம்.டெக். சேரலாமா என்று கேட்ட சித்தப்பாவுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்திலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. "ஏப்பா, பாப்பாவுக்கு ஒரு காலேஜ்ல எம்.டெக். சீட்டு தர்றாங்களாம். ஸ்மார்ட் சிட்டி கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட்டாம். ரெண்டு வருசத்துக்கு ஆறு லட்சம் கேக்கறாங்க. கட்டவா, வேணாமா?"

அவருக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டது மனதில் கிடந்து உறுத்துகிறது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

என் கதை இரண்டு வரி. 2010இல் பி.இ. சிவில் முடித்தேன். ஆறு வருடம் ஸைட்டில் வெயில் குடித்துவிட்டு, வேலையை விட்டு 2016இல் கட்டுமானப் பொறியியலும் மேலாண்மையும் என்ற எம்.இ. சேர்ந்தேன். முடித்த பிறகு மறுபடி தெருவுக்கே வந்தேன், சாலை, வடிகால், குடிநீர்க் குழாய் என்று.

தங்கச்சி அந்தக் கல்லூரியின் விளம்பரத் தாளை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தாள். அட்டையில் கண்ணாடிக் கட்டடங்கள், மேலே ஒரு ட்ரோன், கீழே கையில் டேப்லெட்டோடு தலைக்கவசம் போட்ட பெண். அந்தத் தலைக்கவசத்தில் ஒரு பொட்டு சிமென்ட் கூட இல்லை. பாடப் பட்டியலில் சென்சார், செயற்கை நுண்ணறிவு, டிஜிட்டல் ட்வின் (நிஜக் கட்டடத்துக்குக் கம்ப்யூட்டரில் ஒரு நகல்), பசுமைக் கட்டடம் எல்லாம் இருந்தன. ஒப்பந்தச் சட்டம் அரைப் பாடமாக ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லித்தர ஒரு வகுப்புகூட இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஸ்மார்ட் சிட்டி மிஷனை மத்திய அரசு தொடங்கியது 2015 ஜூன் 25ஆம் தேதி. நூறு நகரங்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை, தூத்துக்குடி, வேலூர், தஞ்சாவூர், திருப்பூர், ஈரோடு என்று 11. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி வரை, மாநிலமும் அதே அளவு போட வேண்டும் என்பது கணக்கு. ஒன்றிரண்டு முறை காலத்தை நீட்டித்து, 2025 மார்ச் 31ஓடு மிஷனை மூடிவிட்டார்கள். கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு மேளக்காரரைத் தேடுகிற மாதிரி, இப்போது அந்தப் பேரில் பட்டம் விற்கிறார்கள்.

அதற்காக அந்தப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேர் போனாலும் வேலை போகவில்லை. அம்ருத் 2.0 என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் குடிநீர், கழிவுநீர் வேலைகள் நடக்கின்றன. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும் ஊரை நிறுத்தாமல் அதன் வயிற்றைக் கிழித்துத் தைக்கத் தெரிந்த ஆள் நமக்கு நிறையத் தேவை. என் ஒரே சண்டை, அந்தத் தையலை யார் சொல்லித்தருவது என்பதுதான்.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

2012. ஊர் பேர் வேண்டாம். குடிநீர்க் குழாய் பதிக்கிற வேலை, 150 மில்லிமீட்டர் இரும்புக் குழாய். ஒரு தெருமுனையில் பாறை வந்துவிட்டது. பாறை உடைக்கிற பிரேக்கர் வர இரண்டு நாள் ஆகும், பில் போட மாதக் கடைசி. மேஸ்திரி, "சார், ஒன்றரை மீட்டர் மேக்கால தள்ளிக்கிட்டா பாறையே இல்ல" என்றார். தள்ளிக்கொண்டோம். அதில் தப்பில்லை, ஸைட்டில் அப்படித்தான் நடக்கும். வேலை முடிந்ததும் 'ஆஸ்-பில்ட்' வரைபடம் கொடுக்க வேண்டும், அதாவது உண்மையில் எங்கே எப்படிப் பதித்தோமோ அந்தப் படம். நான் என்ன செய்தேன்? டெண்டரோடு வந்த படத்தையே எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. பில் பாஸானது.

ஏழு வருடம் கழித்து, இடையில் எம்.இ. எல்லாம் முடித்து, அதே ஊருக்கு வேறு கம்பெனியில் போனேன். இந்த முறை நடைபாதை, கேபிள் குழாய், அழகான விளக்குக் கம்பம். தோண்டுவதற்கு முன் பழைய படத்தைக் கேட்டோம், கொடுத்தார்கள். என் கையெழுத்து போட்ட படம்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சத்தியமாக எனக்கு அந்தப் பாறை ஞாபகமே வரவில்லை. படத்தை நம்பி ஜேசிபியை இறக்கினோம். வாளி மண்ணில் இறங்கிய அடுத்த நிமிடம் மாடி உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. மூன்று நாள் அந்தத் தெருவுக்குக் குடிநீர் இல்லை. குடத்தோடு வந்து நின்ற ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "படிச்ச புள்ளைங்கதானய்யா நீங்க?" என்று மட்டும் கேட்டது. அதற்கு முந்தைய வருடம்தான் முப்பரிமாணக் கட்டட மாதிரி, அந்த பி.ஐ.எம். பாடத்தில் நான் 'ஓ' கிரேடு வாங்கியிருந்தேன்.

கம்ப்யூட்டரில் எவ்வளவு அழகான மாதிரி செய்தாலும், அதற்குள் போகிற தகவல் என்னைப் போல ஒருவன் மாதக் கடைசியில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டதாக இருந்தால், அது ஜரிகை போட்ட பொய். நிலத்தடித் தகவலை எவ்வளவு நம்பலாம் என்பதற்கே அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கம் 38ஆம் எண் தரநிலை என்று ஒன்று வைத்திருக்கிறது. பழைய காகிதத்தில் இருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால் 'டி' தரம். மேலே தெரியும் மூடி, வால்வு, கம்பம் ஆகியவற்றை அளந்து காகிதத்தோடு ஒப்பிட்டால் 'சி'. ரேடார் போன்ற கருவி வைத்துத் தோண்டாமலே தேடினால் 'பி'. குழி போட்டுக் கண்ணால் பார்த்து அளந்தால்தான் 'ஏ'. அந்தத் தெருவில் நாங்கள் வைத்திருந்தது 'டி', அதுவும் என் கைவண்ணத்தில் வந்த 'டி'. எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும் ஒப்பந்த அளவுப் பட்டியலில் சோதனைக் குழிக்கு ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பாட்டிக்குத் தண்ணீர் வந்திருக்கும். இந்த நாலு எழுத்தை எனக்கு யாரும் வகுப்பில் சொல்லவில்லை. குழாய் உடைந்த பிறகு நானே தேடிப் படித்தேன்.

'தோண்டுமுன் கூப்பிடு' என்று ஒரு செயலியை 2023 மார்ச்சில் பிரதமர் தொடங்கி வைத்தார். தோண்டப் போகிறவர் பதிவு செய்தால், அங்கே கேபிளோ குழாயோ வைத்திருப்பவருக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் தகவல் போகிற இடத்தில் சரியான படம் இருக்க வேண்டுமே.

புது ஊரைக் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. சிங்கப்பூர் மரினா பேயிலும் குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும் ஆள் நடந்து போகிற அளவுக்குச் சுரங்கம் கட்டி, கேபிள், குழாய் எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கிவிட்டார்கள். பழுது என்றால் சாலையை வெட்ட வேண்டாம், படி இறங்கிப் போனால் போதும். மதுரையில் அப்படிச் சுரங்கம் போட இடம் எங்கே? நம் பிள்ளைகள் பெரும்பாலும் வேலை பார்க்கப் போவது பழைய ஊர்களில். பாடத்தில் படமாக வருவதென்னவோ புது ஊர்கள்.

பழைய ஊரில் மண்ணுக்குள் இருப்பது தொல்லை மட்டுமே என்றும் இல்லை. தஞ்சாவூரில் அய்யங்குளத்தைச் சீரமைத்தபோது, சிவகங்கைக் குளத்திலிருந்து அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய நிலத்தடி நீர்வழியைத் தேடி எடுத்து உயிர் கொடுத்தார்கள். ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் நடந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதில் ஒரு சென்சாரும் இல்லை.

அடுத்தது வரிசை. வாய்க்கால் வெட்டுகிறவன் கடைமடையிலிருந்து ஆரம்பிப்பான், எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தை முதலில் திறந்துவிட்டுத்தான் மேலே வர வேண்டும். மேலே முதலில் கட்டினால், நடுவில் மழை வந்தால், நீங்கள் கட்டியது வாய்க்கால் இல்லை, தொட்டி. நகரத்து மழைநீர் வடிகாலுக்கும் இதே விதிதான். ஆனால் டெண்டரைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து விடும்போது, எந்தப் பொட்டலம் முதலில் கையெழுத்தாகிறதோ அது முதலில் தொடங்கிவிடும். தண்ணீர் வெளியேறுகிற வெளிவாய் ஒருவரிடம், தெரு இன்னொருவரிடம்.

சென்னைத் தி.நகரைப் பாருங்கள். பாண்டி பஜார் நடைபாதை 2019 நவம்பரில் திறந்தது. நானும் குடும்பத்தோடு போய் நடந்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. ஸ்மார்ட் சிட்டி வேலைகளைப் பற்றிப் பெரிய கேள்வி எழுந்து, ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி டேவிதாரை விசாரிக்கச் சொன்னது அரசு. யார் மேல் தப்பு என்பதற்குள் நான் போகவில்லை. பாடமாகப் பாருங்கள் என்கிறேன். அந்தப் பகுதித் தண்ணீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். மேலே கிரானைட் எவ்வளவு நேர்த்தி என்பது அந்தத் தண்ணீருக்குத் தெரியாது. கால்வாயின் அடிமட்டம் என்ன, ஆற்றின் மட்டம் அன்றைக்கு என்ன, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஒரு முதுநிலை வகுப்பில் ஒரு முழுப் பருவத்தை இந்த ஒரு தெருவுக்கே கொடுக்கலாம்.

கால அட்டவணைக்கும் இதே கதி. எந்த வேலை தள்ளிப்போனால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும் என்று கணக்குப் போடுகிற சி.பி.எம். முறை 1957இல் டுபான்ட் கம்பெனிக்காக உருவானது. 1958இல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காகப் பெர்ட் என்கிற அதே மாதிரியான முறையைக் கொண்டுவந்தது. அதைத்தான் இன்றும் வட்டமும் அம்புக்குறியுமாகப் போட்டுப் படிக்கிறோம். படிக்கத்தான் வேண்டும். ஆனால் மதுரை மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டால், சித்திரைத் தேர் அந்த நாலு வீதிகளையும்தான் சுற்றி வரும். மழை இல்லாமல் நிம்மதியாக வேலை செய்யக்கூடிய மாதமும் அதுதான். தேருக்கு முன் குழியை மூடி, சக்கரம் புதையாதபடி கெட்டிப்படுத்த வேண்டும். அப்புறம் ஐப்பசி மழை. நடுவில் ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று கடைக்காரர்கள் சங்கத்தோடு வருவார்கள். எந்த மென்பொருளிலும் ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை என்று குறிக்கலாம். தேரை அதில் எழுத, ஊர் தெரிந்த ஆள் வேண்டும்.

ஒப்பந்தக் காகிதத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை, சுருக்கிக்கொள்கிறேன். ஸ்மார்ட் சிட்டி வேலைகளை நடத்தியது, மாநிலமும் உள்ளாட்சியும் சரிபாதிப் பங்கு வைத்திருக்கும் தனிக் கம்பெனி. ஆக ஒரு தெருவுக்கு மாநகராட்சி, அந்தக் கம்பெனி, ஆலோசகர், ஒப்பந்ததாரர் என்று நாலு மேசை. ஒரு கம்பத்தை நகர்த்த ஐந்தாவதாக இன்னொரு துறை, டெபாசிட் கட்டினால்தான் அவர்கள் அசைவார்கள். கம்பம் நாலு மாதம் நகரவில்லை என்றால் அதை அன்றைக்கே தடைப் பதிவேட்டில் எழுதி, தேதி போட்டு, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்க வேண்டும். எழுதவில்லையா, தாமதம் உன் தலையில், அபராதம் உன் பில்லில். ட்ரோன் ஓட்டத் தெரிந்து, இந்தப் பதிவேட்டை எழுதத் தெரியாமல் வந்த எம்.டெக். பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்களைச் சொல்லி என்ன.

சென்சார், கட்டுப்பாட்டு அறை எல்லாம் வேண்டும்தான். நூறு நகரங்களிலும் கட்டுப்பாட்டு மையம் வைத்தாயிற்று. சுரங்கப்பாதையில் தண்ணீர் ஏறுவதைத் திரையில் பார்க்கலாம், வண்டிகளைத் திருப்பிவிடலாம். அது உபயோகம். அந்தத் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்பதற்குப் பதில் திரையில் வராது.

இனி சித்தப்பாவின் ஆறு லட்சம். கேட் என்கிற நுழைவுத் தேர்வு எழுதி மதிப்பெண் எடுத்து அரசு உதவித்தொகைக்குத் தகுதியான இடத்தில் சேர்ந்தால், மாதம் 12,400 ரூபாய் கையில் வரும். சென்னை ஐ.ஐ.டி.யிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் இந்தத் துறைக்கு எம்.டெக்., எம்.இ. இருக்கின்றன. கிடைக்காவிட்டால் வேறு நல்ல கல்லூரிகளும் உண்டு. பேரில் 'ஸ்மார்ட்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஒப்பந்தம், செலவுக் கணக்கு, திட்டமிடல், தகராறுத் தீர்வு ஆகியவற்றை யார் நடத்துகிறார், அவர் எப்போதாவது, செய்த வேலையை அளந்து பதிகிற எம்-புக் எழுதியிருக்கிறாரா என்று விசாரித்தால் போதும். அதைவிட, முதலில் ஒரு வருடம், முடிந்தால் இரண்டு, ஸைட்டுக்குப் போகட்டும் என்றேன். சேறு பார்த்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் கேள்வி தானாக வரும். எனக்கு ஆறு வருடச் சேறு இருந்தும் கேட்காமல் விட்டேன், அது வேறு விஷயம்.

சித்தப்பா உடனே, "பொம்பளப் புள்ளைய ஸைட்டுக்கு அனுப்பச் சொல்றியேப்பா" என்றார். நியாயமான பயம்தான், ஆனால் அவர் பயப்படுகிற காரணம் வேறு, உண்மையான காரணம் வேறு. நான் பார்த்த பாதி ஸைட்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. சித்தாள் அக்காக்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். கட்டுமான மேலாண்மையின் முதல் பாடமே அதுவாக இருக்கலாம். அந்த வசதி இருக்கிற இரண்டு மூன்று இடங்கள் எனக்குத் தெரியும், கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "உங்க சித்திகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி தங்கச்சியே கூப்பிட்டாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தாராம், எல்லாம் கேட்டாளாம்.

"அண்ணே, எங்க தெருவுல ரெண்டு நாளா வடிகாலுக்குத் தோண்டுறாங்க. மேட்டுல இருந்துதான் ஆரம்பிச்சிருக்காங்க. கண்மாய்ப் பக்கம் இன்னும் தொடவே இல்ல. கேக்கலாமா?"

"கேளு. மொதல்ல படத்தைக் காட்டச் சொல்லு."

மறுநாள் போய்க் கேட்டிருக்கிறாள். "படம் ஆபீஸ்ல இருக்கும்மா" என்றார்களாம்.