சுருட்டை முடிக்கு வந்த ஆங்கிலப் பெயர்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ஒரு முடிதிருத்தும் கடையில் அக்காள் மகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பெண் அவளுடைய ஈர முடியில் ஒரு கற்றையைத் தோள்வரை இழுத்துவிட்டாள். அது துள்ளிப்போய்க் காதோரம் சுருண்டுகொண்டது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. “ரொம்ப ஃபிரிசி, ரிபோண்டிங் செய்துவிடலாம்” என்றாள் அவள். மருந்து போட்டு முடியை நேராக்குவதுதான் ரிபோண்டிங். 16 வயதுப் பிள்ளை, ஏதோ நோயின் பெயரைக் கேட்டதுபோல் முகம் வாடித் தலையாட்டியது.

உலர்ந்து உப்பி நிற்கும் முடியைச் சொல்லும் இந்த ‘ஃபிரிசி’ என்ற சொல்லின் வேர், ‘சுருட்டுதல்’ என்று பொருள்படும் ஒரு ஃபிரெஞ்சு வினை. மெனக்கெட்டு முடியைச் சுருட்டிக்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்துக்குப் போன சொல், இன்று ஷாம்பு புட்டிகளில் ஒழித்துக்கட்ட வேண்டிய குறையின் பெயராக நிற்கிறது. காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் நம் ஊரில், முடி அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பத்தான் செய்யும். காலையில் படிய வாரிய தலை பசியாறும் நேரத்துக்குள் எழும்பிவிடுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. அதற்கு ஒரு குறைப்பெயர் சூட்டி, பிறகு அதற்கே மருந்தும் விற்கிறார்கள்.

இறுகச் சுருண்ட முடியைச் சொல்லும் ‘கிங்கி’யின் கதையும் இப்படித்தான். டச்சுக்காரர்கள் கயிற்றில் விழும் முறுக்குக்கு வைத்திருந்த பெயர் அது. தோட்டத்தில் ரப்பர் குழாய் முறுக்கிக்கொண்டால் தண்ணீர் நின்றுபோகுமே, அதே முறுக்கு. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடியை இகழவும் அது பயன்பட்டதால், அவர்களில் பலர் இன்று கம்பிச்சுருளை நினைவூட்டும் ‘காய்லி’ என்ற சொல்லையே விரும்புகிறார்கள்.

1990களில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியின் சிகை ஒப்பனையாளரான ஆண்ட்ரே வாக்கர் முடியை நான்கு வகையாகப் பிரித்தார்: நேர்முடி 1, அலைமுடி 2, சுருள்முடி 3, இறுகச் சுருண்டது 4. தலைமுடியைத் தெரிந்துகொள்ளப் பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால், புகையூட்டிய ரப்பர் ஷீட்டை 1 முதல் 5 வரை தரம் பிரித்து, 1-க்கே நல்ல விலை கொடுத்த ஊரில் வளர்ந்தவளுக்கு, நேர்முடி முதலிலும் சுருட்டை கடைசியிலும் நிற்பதைப் பார்க்கும்போது தரவரிசைதான் நினைவுக்கு வருகிறது. இதே குறையை வெளிநாட்டிலும் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நாம் மட்டும் யோக்கியம் என்று சொல்லவரவில்லை. ‘பரட்டை’ என்று கூப்பிட்டுப் பிள்ளைகளை அழவைத்த தோட்டத்து லயத்தில்தான் நானும் வளர்ந்தேன். இருந்தும், ஆற்று மணலில் நீர் வரிவரியாக விட்டுச்செல்லும் ‘அறலை’க் கூந்தலுக்கு உவமை சொன்ன சங்கப் புலவர்களின் மொழி இது. சுருண்ட முடிக்கான சுரியல், அளகம், குருள் என்ற சொற்கள் அகராதியில் இன்னும் இருக்கின்றன. மலாய்க்காரர்கள் பாளையிலிருந்து விரியும் பூங்கொத்தைச் சொல்லி ‘ஈக்கால் மாயாங்’ என்று நெளிமுடியைப் புகழ்கிறார்கள். சுருளைக் குறிக்கும் ‘கர்ல்’ என்ற ஆங்கிலச் சொல்லே முன்பு ‘குருல்’ போலத்தான் ஒலித்தது. தசை சதையானதுபோல் எழுத்து இடம் மாறிவிட்டது. நம் ‘குருளோடு’ அது ஒத்திருப்பது தற்செயல்தான்; ஆங்கிலமே தமிழிலிருந்துதான் வந்தது என்று யாரும் கீழே எழுத வேண்டாம்.

காய்ல் (சுருள்), வேவ் (அலை) போன்றவை வடிவத்தைச் சொல்கின்றன, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஃபிரிசியை மட்டும் கடையிலேயே விட்டுவிட்டு, முடி உலர்ந்திருந்தால் உலர்ந்திருக்கிறது என்றே சொல்லலாம் என்பது என் கருத்து.

அக்காள் மகள் அன்று ரிபோண்டிங் செய்துகொள்ளவில்லை. தீபாவளிக்குச் செய்துகொள்வாளாம். செய்துகொள்ளட்டும், அவள் தலை. மருந்து வேர்க்காலை மாற்றப்போவதில்லை. சில மாதங்களில் அடியிலிருந்து மறுபடியும் சுருண்டே வளரும்.