"இது என்ன உருவம்?" என்று கேட்பவர்களிடம் சில வார்த்தைகள்

அமெரிக்காவின் சிகாகோ நகரின் நடுவே நிற்கும், ஓவியர் பிக்காசோவின் எஃகுச் சிற்பப் படத்தை நாகர்கோவில் நண்பர்களிடம் காட்டினேன். "குரங்கா, கழுகா?" என்றார் ஒருவர். "பழைய இரும்புக் கடையில் போட்டால் நல்ல விலை வருமே" என்றார் இன்னொரு அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

1967 ஆகஸ்ட் 15 அன்று திரை விலகியபோது அந்த ஊர்க்காரர்களும் இதையேதான் கேட்டார்கள். 50 அடி உயரம், 162 டன் எடை, துருவேறிய நிறம். பெண்ணின் தலை என்றார்கள், நாய் என்றார்கள், பறவை என்றார்கள். நகரமன்ற உறுப்பினர் ஜான் ஹோலன், அதைத் தூக்கிவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வைக்கச் சொன்னார். பிக்காசோ அதற்குப் பெயரும் வைக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கொடுக்க வந்த 1,00,000 டாலரையும் மறுத்துவிட்டு, அதை ஊருக்கு அன்பளிப்பாக விட்டார். இன்று அதன் சரிவான அடிப்பகுதியில் குழந்தைகள் ஏறிச் சறுக்கி விளையாடுகிறார்கள்.

நமக்கு மட்டும் இது ஏன் புரியாமல் போக வேண்டும்? சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் பிராகாரத்தில் நடந்து பாருங்கள். தூண்களின் மேலே வரிசையாக யாளிகள். பிதுங்கிய கண், பிளந்த வாய், சிங்க உடல். அப்படி ஒரு விலங்கு எந்தக் காட்டிலும் திரிந்ததில்லை. ஆனாலும் "இது என்ன?" என்று யாரும் அதட்டுவதில்லை, பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டுகிறோம். கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவரை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவரின் முகத்தை நேரில் பார்த்து எழுதி வைத்தவர் எவருமில்லை. கணபதி ஸ்தபதி தம் கற்பனையில் கண்ட வள்ளுவர் அவர். இடுப்பை லேசாக ஒடித்து, நடனத்தில் நிற்பவரைப் போல நிறுத்தினார். பாறையில் இறங்கி, மண்டபத்தின் படியேறிப் பாதத்தருகே போய் அண்ணாந்து பாருங்கள். அந்த ஒடிவில்தான் அத்தனை கல்லுக்கும் உயிர் வருகிறது.

புரியவில்லை என்று சொல்வதில் தவறே இல்லை. வரிப்பணம் என்றால் கணக்குக் கேட்பதும் நம் உரிமை. ஆனால், புரியாததை உடனே அப்புறப்படுத்து என்பதை என்னால் ஏற்க முடியாது. அந்தப் பேச்சுக்குப் பயந்தே நம் சாலைச் சந்திப்புகளில் தலைவர் சிலைகளைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. தலைவர்களுக்குச் சிலை வேண்டும்தான். அதோடு நின்றுவிட வேண்டுமா?

பக்கத்திலேயே மயிலாடி இருக்கிறது. உளிச் சத்தம் கேட்கும் ஊர். அங்குள்ள சிற்பிகளிடம் நாம் சாமி சிலை கேட்கிறோம், தலைவர் சிலை கேட்கிறோம். மூக்கு சரியில்லை என்றால் திருத்தச் சொல்கிறோம். அவர்களில் ஒருவரிடம் நல்ல கல்லைக் கொடுத்து, "உங்கள் மனதில் இருப்பதைச் செதுக்குங்கள்" என்று ஒரு முறையாவது சொல்ல வேண்டும். அதை நாகர்கோவில் வேப்பமூடு பூங்காவில், குழந்தைகள் தொடும் உயரத்தில் வைக்க வேண்டும். முதலில் திட்டு விழும், கேலிப் படங்கள் வரும். வரட்டும். ஊர் கூடிச் செய்வதாக இருந்தால், கல்லுக்கும் கூலிக்கும் என் பங்கை முதல் ஆளாகத் தருகிறேன். சேர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.