இலக்கை எழுதிய 3 சதவீதம்: அந்த யேல் ஆய்வு நடந்ததா?

"1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீத மாணவர்கள், 20 ஆண்டு கழித்து மீதி 97 சதவீதம் பேரின் மொத்தச் சொத்தைவிட அதிகம் சேர்த்தார்கள்." வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குப் பதிவே இல்லை. சில பதிவுகளில் யேல் ஹார்வர்டாகிவிடும், ஆண்டு 1979 ஆகிவிடும்!

எழுதுவது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் வெறும் "வேலை மாறுவேன்" என்று எழுதினால், வேலை மாறுவதில் உள்ள பயம் அப்படியே இருக்கும். எப்போது தொடங்குவது என்பதைத் தினமும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். களைத்த நேரத்தில் அந்த முடிவு தள்ளிப்போகும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் சோதித்துப் பார்த்தது வேறு முறை: 'இது நடந்தால் இதைச் செய்வேன்'. "இரவு தட்டைக் கழுவி வைத்ததும், மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை நிரப்புவேன்." சாக்குக்கும் ஒரு வரி: "'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தோன்றினால், பெயரும் முகவரியும் மட்டும் நிரப்புவேன்."

"நேரம் கிடைத்தால்" என்று தொடங்கும் வரி பலிக்காது. அந்த நேரம் வந்துவிட்டதென்று எதுவும் கண்ணில் காட்டாது. தட்டு காட்டும். ஒரே சமயத்தில் ஐந்தாறு இலக்குகளுக்கு இப்படி எழுதினாலும் பலன் குறையும், ஒன்றில் தொடங்குங்கள்.